அமைதிச் செயலாளரின் ஒலிபெருக்கி

சத்தம் போடாத கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும் என்று நிதானம் ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்த ஆசையை வாய்விட்டுச் சொன்னதில்தான் வினை வந்தது.

நிதானம் என்பது அவருடைய பெயர் அல்ல, டெப்போவில் வைத்த பட்டம். பஸ் ஓட்டும்போது சிவப்பு விளக்கு விழுவதற்கு முன்பே நின்றுவிடுவார். பச்சை விழுந்த பிறகும் ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் கிளம்புவார். பின்னால் வரும் வண்டிக்காரர்கள் அவருக்கு வேறு சில பட்டங்களும் கொடுத்திருந்தார்கள். அவை அச்சில் ஏறாது.

ஐம்பதை நெருங்கும் மனிதருக்கு விளையாடக் கம்ப்யூட்டரா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். காரணம் அவருடைய மகள். படிப்புக்காக வெளியூர் விடுதியில் இருந்தாள். போன புதிதில் தினமும் போனில் கதை கதையாகச் சொன்னவள்தான். நாளாக ஆக அந்தப் பேச்சு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, "சாப்டீங்களாப்பா", "சாப்டேன்மா", "சரி, வெக்கிறேன்" என்ற அளவுக்கு வந்து நின்றது. இரண்டு பக்கமும் பாசத்துக்குக் குறைவில்லை, பேசத்தான் விஷயம் இல்லை. அவள் வயதுப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இறங்கிப் போகும்போதெல்லாம் நிதானம் பக்கக் கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் சொன்னதில்லை.

அப்படியிருக்க, ஒருநாள் மகளே ஒரு வழி சொன்னாள். அவள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருந்தது. இல்லாத ஒரு ஊரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து பஸ் கம்பெனி நடத்த வேண்டும்.

"நான்தாம்ப்பா முதலாளி. ரூட் போடுறது, டிக்கெட் விலை வெக்கிறது எல்லாம் நான் பாத்துக்கிறேன். டிரைவர்தான் சரியா அமைய மாட்டேங்குது. யாரை வெச்சாலும் கொண்டு போய் ஆத்துல விட்டுடுறாங்க. நீங்க வர்றீங்களா?"

இந்த விடுமுறையில் அவள் பயிற்சிக்காக விடுதியிலேயே தங்கப் போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை பகல் பூராவும் சும்மாதான் இருப்பாளாம். விடுமுறை முடிந்தால் கடைசி வருஷப் படிப்பு, தலைசொறிய நேரம் இருக்காது. நிதானம் வாழ்க்கையில் முதல்முறையாக யோசிக்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த தேநீர் தளும்பியது. வாரம் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு, லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்து பஸ் ஓட்டப் போகிறீர்களா என்று கேட்டாள். முதலாளி யார் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. சரி என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். ராத்திரி வேலை, பகலில் தூக்கம். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது பெயருக்குத்தான் சுவர். கம்ப்யூட்டர் மேசை போட இருந்த ஒரே இடம் அந்தச் சுவரை ஒட்டித்தான். மகள் சும்மா இருக்கும் ஞாயிறு பகலும் இவள் தூங்கும் ஞாயிறு பகலும் ஒரே பகல்.

"நீங்க பேசுறது எனக்குத் தொந்தரவு இல்ல. இத்தனை வருஷமா அந்தக் குரலைக் கேட்டுக்கிட்டே தூங்கிப் பழகிட்டேன். ஆனா மெஷின் சத்தம் அப்படி இல்லைங்க. ராத்திரி பூரா அதுக்குத்தான் காது குடுத்துட்டு வர்றேன். எதாவது உர்ருன்னாலோ கீச்சுன்னாலோ தூக்கத்துலயே எழுந்து ஓடிடுவேன். அதனால இப்பவே சொல்லிட்டேன். என்னை எழுப்புற மெஷின் எதுவா இருந்தாலும், அன்னைக்கே இந்த வீட்டை விட்டு வெளியே போகும். அப்புறம் யார் வந்து சொன்னாலும் கேக்க மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். கூடத்தில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரம் இதே சட்டப்படி எதிர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. இப்போது இவர்கள் மணி தெரிய வேண்டுமானால் எதிர் வீட்டுக்காரரைத்தான் கேட்கிறார்கள்.

நிதானம் கம்ப்யூட்டர் பாகம் விற்கும் கடைக்குப் போனார். தயாராகக் கட்டி வைத்திருந்த பெட்டிகளைக் கடைக்காரர் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் காட்டினார். ஒன்று மாவு மில் போல இரைந்தது. இன்னொன்று அதற்குப் பக்கத்து மில். ஆகவே பாகம் பாகமாக வாங்கித் தானே கட்டிக்கொள்வதுதான் வழி என்று ஆயிற்று. விளையாடினால் கம்ப்யூட்டர் சூடாகும், சூடானால் அதன் ஃபேன்கள் வேகம் எடுக்கும், வேகம் எடுத்தால் சத்தம். ஆகவே சத்தம் வேண்டாம் என்றால் முதலில் சூடு வேண்டாம் என்று கடைக்காரர் விளக்கினார். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

"முதல் தடவை கட்டுறீங்களா சார்? அப்ப பேரவை முத்திரை வாங்கிட்டு வந்துடுங்க."

முதல்முறை கட்டுபவர்கள் தெரியாமல் எதையாவது வாங்கிப் போய், பொருந்தவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுகிறார்களாம். அதனால் பேரவை ஒப்புக்கொண்ட பாகங்களைத்தான் விற்பது என்று அந்தத் தெருக் கடைக்காரர்கள் எல்லோரும் கூடி முடிவு செய்துவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது கடைக்காரர் நிதானத்தின் கண்ணைப் பார்க்கவில்லை.

குளிர்ச்சி மற்றும் அமைதிக் கணினி அமைப்போர் பேரவை என்பது முழுப் பெயர். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. நிதானத்துக்கு விலாசம் விசாரிக்க வேண்டிய தேவையே வரவில்லை. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. மாடி ஏறிப் போனால், ஒரு கூடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர் உட்கார்ந்திருக்க, ஒருவர் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடி அதிர முழங்கிக்கொண்டிருந்தார். அவர்தான் அமைதிச் செயலாளர்.

இவ்வளவு சின்னக் கூடத்துக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று நிதானம் பக்கத்தில் இருந்தவரை மெதுவாகக் கேட்டார். அது செயலாளர் காதில் விழுந்துவிட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை. தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் கனிவோடு, ஒலிபெருக்கியிலேயே பதில் சொன்னார்.

"அமைதியைப் பத்தி மெதுவாப் பேசினா, அது யாருக்குங்க கேக்கும்?"

கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணி விரித்து ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். அதற்கு மூல இயந்திரம் என்று பெயர். பேரவையைத் தொடங்கியவர் தம் கையால் கட்டியது. உலகத்திலேயே அதைவிட அமைதியான, அதைவிடக் குளிர்ந்த கம்ப்யூட்டர் இன்றுவரை இல்லை என்று பக்கத்தில் பலகை சொன்னது. நிதானம் குனிந்து காதைக் கொடுத்தார். உண்மையாகவே ஊசி விழும் சத்தம்கூட இல்லை. அசந்துபோய், இதில் என்ன விளையாடுவீர்கள் என்று கேட்டார்.

கூடத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அதை இதுவரைக்கும் ஆன் பண்ணினதே இல்லை," என்றார் செயலாளர், முதல்முறையாக ஒலிபெருக்கியைத் தாழ்த்தி. "ஆன் பண்ணினா சூடாகும். சூடானா விசிறி சுத்தும். விசிறி சுத்தினா இந்தச் சாதனை என்ன ஆகுறது? பொறுப்புள்ளவங்க யாரும் அதைச் செய்ய மாட்டாங்க."

அப்படியானால் பேரவையில் யாருமே விளையாடுவதில்லையா என்று நிதானம் கேட்க நினைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லாததால், வாயை மூடிக்கொண்டு விண்ணப்பத்தைக் கொடுத்தார்.

விண்ணப்பம் துணைக்குழு துணைக்குழுவாகப் போயிற்று. அதன் பின்னாலேயே நிதானமும் போனார்.

முதலில் காற்றோட்டக் குழு. அவர்களுடைய அறையில் ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தது. உறுப்பினர்கள் வேர்த்து விறுவிறுத்து, விண்ணப்பங்களை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் என்ன என்று நிதானம் கேட்டதற்கு, அது தொடர்பான தீர்மானம் பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. எந்த ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும், எது வழியாக வெளியே போக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு. அது தீரும்வரை எதையும் திறப்பதற்கில்லை. காற்றோட்டச் செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, எல்லா விசிறியும் காற்றை உள்ளே இழுக்கும்படிதான் வைக்க வேண்டும் என்று அறிவுரை சொன்னார். உள்ளே போன காற்று எப்படி வெளியே வரும்? அது காற்றின் சொந்த விஷயம், பேரவை அதில் தலையிடுவதில்லை என்றார்.

அடுத்தது பசைக் குழு. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் ஒரு சின்னச் சில்லு. அதன் சூட்டை இழுத்துக்கொள்ள அதன் தலையில் ஓர் உலோகக் கோபுரத்தை வைத்து முடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் பசை வைப்பார்கள். அதைப் பட்டாணி அளவு ஒரு பொட்டாக வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி, பெருக்கல் குறி போட வேண்டும் என்று இன்னொரு கட்சி. அறையின் நடுவில் கோடு போட்டு, ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கட்சிக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. கல்யாணம் காட்சிக்குப் போனால்கூட வேறு வேறு பந்தி. நிதானத்தைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் ஒரே குரலில் நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கோபுரத்தை வைத்து அழுத்தினால் எப்படி வைத்தாலும் பசை பரவிவிடாதா என்று அவர் அப்பாவியாகத் திருப்பிக் கேட்டார். அன்றைக்கு இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரே ஒரு தீர்மானம் போட்டது. விண்ணப்பதாரர் விஷமி.

ஒளிக் குழுவில் வரவேற்பு பலமாக இருந்தது. ஒளிச் செயலாளர் உற்சாகமான மனிதர். கம்ப்யூட்டருக்குள் விளக்குத் தோரணம் கட்டாமல் அது குளிராது என்பது அவருடைய கொள்கை.

"சிவப்பு விளக்கு போட்டா சூடு. நீல விளக்கு போட்டா குளிர்ச்சி. நீங்களே பாருங்க, இந்த அறை எவ்வளவு ஜில்லுனு இருக்கு."

நிதானத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"தெர்மாமீட்டருக்கு ஏதுங்க கண்ணு? கண்ணில்லாத பொருளை நம்பி நாம எப்படி முடிவெடுக்கிறது?"

இப்படியே ஞாயிறுகள் ஓடின. மகள் போனில் ஒருநாள், தன் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த டிரைவரும் ஆற்றில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். இன்னொரு நாள், "அப்பா, லீவு பாதி போயிடுச்சு" என்றாள். அதற்கடுத்த முறை கம்ப்யூட்டரைப் பற்றியே கேட்கவில்லை. சாப்டீங்களா என்று கேட்டாள். நிதானம் சாப்டேன்மா என்றார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தக் காலி மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவர் தோளில் கைவைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் பேரவையில் தலைவரையே நேரில் பார்த்து, இன்னும் எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டுவிட்டார். தலைவர் பெரிய மனிதர். கேள்விக்குப் பதில் சொல்வது அவர் வழக்கமில்லை, சொற்பொழிவுதான் வழக்கம். உடனே எழுந்து நின்றார். எல்லோரையும் கூப்பிட்டார்கள்.

"அன்பர்களே! சிலர் நம்மைத் தாமதம் என்று குறை சொல்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். பேரவையின் பரிந்துரைப்படி கட்டிய எந்தக் கணினியாவது சத்தம் போட்டதாக இதுவரை ஒரே ஒரு புகார் வந்ததுண்டா? எந்தக் கணினியாவது சூடானதாகச் சொல்ல முடியுமா? முடியாது. ஏனென்றால், நம் பரிந்துரைப்படி இதுவரை ஒரு கணினியும் கட்டி முடிக்கப்படவில்லை. தவறே நடக்க இடம் கொடாத ஓர் அமைப்பு இந்த உலகத்தில் உண்டென்றால், அது நாம்தான்."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த உற்சாகத்தில், நிதானத்தின் விண்ணப்பத்தை இன்றே பொதுக்குழுவில் வைத்துவிடலாம் என்று தலைவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க விதியில் இடமில்லை.

பொதுக்குழு கூடியது. கூடத்துக் கரும்பலகையில் நிதானத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட பாகங்களை எழுதினார்கள். விதிப்படி எல்லோரும் ஏகமனதாக ஒப்புக்கொண்டதுதான் நிற்கும். ஒருவர் மறுத்தாலும் அழித்துவிட வேண்டும்.

வெப்பச் செயலாளர் தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் ஏற்பாட்டை எழுதினார். அதன் பம்பு களகளவென்று சத்தம் போடும் என்று அமைதிச் செயலாளர் அழித்தார். அழித்த இடத்தில் அவரே, விசிறியே இல்லாத பெட்டி என்று எழுதினார். அது அடுப்பாகிவிடும் என்று வெப்பச் செயலாளர் அழித்தார். நாலு பக்கமும் கண்ணாடி என்று ஒளிச் செயலாளர் எழுதினார். கண்ணாடிக்குள் காற்று எந்த வழியாக வரும் என்று காற்றோட்டச் செயலாளர் அழித்தார். அவர் எழுதிய, எல்லாமே உள்நோக்கி ஊதும் விசிறி வரிசையை ஒளிச் செயலாளர் பழிக்குப் பழியாக அழித்தார். பட்டாணிக் கட்சிக்காரர் எழுதியதைப் பெருக்கல் கட்சிக்காரர் சட்டைக் கையாலேயே துடைத்தார். சாக்குக்கட்டித் தூள் பறந்ததில் எல்லோருக்கும் தும்மல் வந்தது. ஒலிபெருக்கி வழியாக வந்த தும்மல் தெருவில் ஒரு நாயைக் குரைக்க வைத்தது.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நிதானம் கூத்தாடி அல்ல. ஆனாலும் அன்று அவருக்குத்தான் கொண்டாட்டமாக முடிந்தது. எழுதியது அத்தனையும் அழிந்த பிறகு, பலகையின் அடிமூலையில் முன்பே எழுதி வைத்திருந்த சில வரிகள் மட்டும் மிச்சம் இருந்தன. மேலே 'பரிசீலிக்கத் தகுதியற்ற சாதாரணப் பொருள்கள்' என்று தலைப்பு. முன்பக்கம் வலைபோட்ட, அலங்காரம் இல்லாத பெட்டி. மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகள், முன்னால் உள்ளே இழுக்கவும் பின்னால் வெளியே தள்ளவும். பிராசசர் தலையில் வைக்கப் பெரிய உலோகக் கோபுரம். சூடு ஏறினால் மட்டும் விசிறி சுற்றும் கிராபிக்ஸ் கார்டு. திணறாமல் ஓடும்படி தேவைக்குக் கொஞ்சம் கூடுதலான பவர் சப்ளை. சுழலும் தட்டு எதுவும் இல்லாத, அசையாத வகை டிஸ்க். தகுதியற்றவை என்பதால் இவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாததால் யாரும் மறுக்கவில்லை. மறுக்காதது ஏகமனது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பேரவை பூட்டும் நேரம். முத்திரை விழுந்தது. ஒரே ஒரு நிபந்தனை: கட்டிய கணினியைக் குழு வீட்டுக்கு வந்து சோதிக்கும். அதில் தேறாவிட்டால் பிரித்துத் திருப்பிவிட வேண்டும்.

கடைக்காரர் முத்திரைத் தாளைப் படித்துவிட்டு, நான் முதல் நாளே இதைத்தான் கொடுத்திருப்பேன் என்றார். பிறகு ஏன் கொடுக்கவில்லை என்று நிதானம் கேட்டார்.

"சாதாரணப் பொருளைச் சாதாரணமாச் சொன்னா யார் சார் நம்புறாங்க? நீங்க இவ்வளவு அலைஞ்சுட்டு வந்ததால நம்புறீங்க."

நிதானம் இரண்டு நாள் லீவு போட்டு, மகள் போனில் வழி சொல்லச் சொல்லக் கட்டினார். பின்பக்க ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டார். ஒரு மெல்லிய காகிதத்தை அருகில் பிடிக்கச் சொன்னாள் மகள். வெளியே பறக்க வேண்டிய காகிதம் ஒட்டிக்கொள்ளவே, கழற்றிச் சரியாக மாட்டினார். பசை விஷயத்தில் பட்டாணியும் இல்லாமல் பெருக்கலும் இல்லாமல், டியூபிலிருந்து தன்னிஷ்டமாக வந்து விழுந்ததை அப்படியே விட்டார். கோபுரத்தை வைத்து முடுக்கியதும் அது பரவிக்கொண்டது. பொத்தானில் இருந்த சின்ன விளக்குக்கும், மனைவி கண்ணுக்கு உறுத்துமே என்று கறுப்பு டேப் ஒட்டினார். ஆன் செய்தபோது ஒன்றும் கேட்காததால் ஓடவில்லை என்று நினைத்து, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். திரையில் வெளிச்சம் வந்த பிறகுதான் நம்பினார்.

அடுத்த ஞாயிறு காலையில், மனைவி வேலை முடிந்து வந்து படுத்ததும், இல்லாத ஊரில் பஸ் கிளம்பியது. நிதானம் அங்கேயும் பச்சை விழுந்த பிறகு ஒரு மூச்சு யோசித்தார்.

"அப்பா, இங்க பின்னாடி யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க. போங்க."

ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் நடுவில் மகள் பேசினாள். முதலில் டிக்கெட் விலை. பிறகு பயிற்சியில் மேலதிகாரி திட்டியது. பிறகு அறைத்தோழியோடு நடந்த சண்டை. கடைசி வருஷத்தை நினைத்தால் பயமாக இருப்பதைச் சொன்னாள். நேருக்கு நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். இரண்டு பேரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சொன்னாள். நிதானம் ம் கொட்டிக்கொண்டே ஓட்டினார். நெஞ்சு நிறைந்து போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சோதனைக் குழு வந்தது.

நிதானம் பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்தி, மகளை இருக்கச் சொல்லிவிட்டு, மரியாதைக்காகத் திரையை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். தலைவர், செயலாளர்கள், பசைக் கட்சிக்கு ஒருவராக இருவர். அமைதிச் செயலாளரின் ஒரு கையில் ஒலிபெருக்கி, இன்னொரு கையில் ஒலிமானி. சத்தம் அளவை மீறினால் ஒலிமானி எச்சரிக்குமாம். வீட்டில் தூங்குகிறார்கள், கொஞ்சம் மெதுவாக என்று நிதானம் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அதற்காகத்தானே வந்திருக்கிறோம் என்றார் செயலாளர்.

மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள்.

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்க," என்றார் தலைவர். "ஓடாத கம்ப்யூட்டரைச் சோதிக்க முடியாது."

"ஓடிட்டுத்தாங்க இருக்கு. காலையிலேர்ந்து."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அமைதிச் செயலாளர் காதை வைத்துப் பார்த்தார். வெப்பச் செயலாளர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காற்றோட்டச் செயலாளர் மூக்கை வைத்துப் பார்த்தார். சத்தமும் இல்லை, சூடும் இல்லை, ஆகவே ஓடவில்லை என்று மூவரும் முடிவு சொன்னார்கள். விளக்கே எரியாததை ஓடுவதாக எப்படிக் கருதுவது என்றார் ஒளிச் செயலாளர். நிதானம் திரையை மட்டும் போட்டார். பஸ் நிறுத்தத்தில் நின்றது, ஆட்கள் ஏறிக் காத்திருந்தார்கள். காதில் மாட்டும் ஹெட்போனிலிருந்து, அப்பா யாரு அவங்க என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

தலைவரின் முகம் வெளுத்தது. அது ஓடுவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஓடிக்கொண்டே சத்தம் போடாமல் இருந்ததுதான் கவலை. இப்படி ஒன்று இருந்தால் மூல இயந்திரத்தின் கதி என்ன, பேரவையின் கதி என்ன? அவர் கண்ணைக் காட்டினார். அமைதிச் செயலாளர் ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். நிதானம் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியது பலிக்கவில்லை.

"அன்பர்களே! பேரவையின் அமைதியைக் குலைக்கும் இந்தக் கணினியை..."

கையில் இருந்த ஒலிமானி கடமை தவறாத கருவி. பீப், பீப், பீப் என்று அலறத் தொடங்கியது.

படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது. அவிழ்ந்த கூந்தலும் பாதி மூடிய கண்ணுமாக நர்ஸ் ஓடி வந்தாள்.

"எந்த பெட்?"

யாரும் பதில் சொல்வதற்குள், கூட்டத்தில் மிக வெளுத்துப்போய் நின்ற ஆளை அடையாளம் கண்டு, தலைவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நாற்காலியில் அமுக்கி உட்கார வைத்தாள். பதறாதீங்க சார், மூச்சை நல்லா இழுத்து விடுங்க என்றாள். தலைவர் இழுத்து விட்டார். அவர் பதவிக்கு வந்த பிறகு யாருடைய சொல்லையாவது கேட்டது அதுதான் முதல்முறை. பீப் சத்தம் நிற்காததால் நர்ஸின் கண் மெல்ல முழுசாகத் திறந்தது. இது ஆஸ்பத்திரி இல்லை, தன் வீட்டுக் கூடம் என்பது தெரிந்தது. புருஷனைப் பார்த்தாள். மேசை மேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். கடிகாரம் போன வழி நிதானத்தின் கண்முன் வந்தது.

"எதுங்க கத்துறது?" என்று கேட்டாள்.

அமைதிச் செயலாளர் நேர்மையான மனிதர். ஒலிமானியைத் தூக்கிக் காட்டினார். "இதுதாம்மா. யாராவது அதிகமாச் சத்தம் போட்டா இது கத்தும்."

"யாரு போட்டாங்க?"

ஒலிமானி அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. நர்ஸ் அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். இன்னொரு கையிலிருந்த ஒலிபெருக்கியையும் வாங்கினாள். இரண்டையும் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே வைத்தாள். இரண்டும் பேரவைச் சொத்து என்பதால், ஒன்றன்பின் ஒன்றாகச் செயலாளர்களும் பின்னாலேயே போனார்கள். தலைவர் கடைசியாக, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே போனார். கதவு சாத்தப்பட்டது.

படிக்கட்டில் அவர்கள் ஒலிபெருக்கி இல்லாமல் கூடிக் கூடிப் பேசினார்கள். முடிவு பிற்பாடு எழுத்தில் வந்தது. சோதனையின்போது சத்தமும் சூடும் காணப்படாததால் இது ஓடாத கணினி என்று பதியப்படுகிறது; மூல இயந்திரத்துக்கு அடுத்தபடியான மதிப்பு இதற்கு வழங்கப்படுகிறது. முத்திரை நிரந்தரம்.

நர்ஸ் கொட்டாவி விட்டபடி மேசைப் பக்கம் வந்தாள்.

"நீங்க எப்ப ஆட ஆரம்பிக்கப் போறீங்க?"

"காலையிலேர்ந்து ஆடிட்டுத்தான்மா இருக்கேன்."

அவள் குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். நம்பாமல் இன்னொரு முறை வைத்தாள். பிறகு ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு, சாப்டியா என்று ஆரம்பித்தவள், அந்தப் பக்கம் மகள் சிரித்துச் சிரித்துச் சொன்னதையெல்லாம் கேட்டுத் தானும் சிரித்தாள். கண்டக்டர் வேலை காலியாக இருக்கிறதாம், அடுத்த வாரம் சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஹெட்போனைப் புருஷன் தலையில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனாள்.

"அப்பா, ஸ்டாப்புல எல்லாரும் ரொம்ப நேரமா நிக்கிறாங்க," என்றாள் முதலாளி.

முன்னால் விளக்கு பச்சைக்கு மாறியது. நிதானம் அன்றைக்கு மட்டும் யோசிக்காமல் வண்டியை எடுத்தார்.